சூசையப்பருக்கு இராத்திரியில் வந்த செய்தி



அர்ச். மத்தேயு எழுதின சுவிசேஷத்தில், ஆண்டவருடைய சம்மனசு அர்ச். சூசையப்பருக்குக் கனவிலே தோன்றி, பாலனையும் தாயையும் கூட்டிக்கொண்டு எஜிப்து தேசத்துக்கு ஓடிப்போகச் சொன்ன வரலாறு உங்களுக்குத் தெரியும். சூசையப்பர் விடியட்டும் என்று காத்திருக்கவில்லை. அந்த இராத்திரியே புறப்பட்டார். இதில் இரண்டு காரியங்களைக் கவனியுங்கள். கொல்ல வருகிறவனுக்கு முன்பாகப் பொறுமையோடு உட்கார்ந்திருக்கும்படி சர்வேசுரன் திருக்குடும்பத்துக்குக் கட்டளையிடவில்லை, ஓடச் சொன்னார். அந்தச் செய்தியும் ஏரோதுக்குத் தெரியாமல் வந்து சேர்ந்தது. ஏரோதின் சேவகர் காதில் விழும்படி சொல்லப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்!

இந்தக் காலத்தில், வீட்டுக்குள்ளே அடியும் உதையும் படுகிற பெண்ணுக்குச் செய்தி வருகிற வழி அவள் கையிலிருக்கும் செல்போன். அந்தப் போன் யார் பேரில் இருக்கிறது? பணம் கட்டுகிறவர் யார்? அவள் யாரோடு பேசினாள் என்பதை யார் பார்க்கிறார்கள்? நம்மில் அநேகர் இதை யோசித்துப் பார்த்ததே இல்லை.

அமெரிக்காவுக்குப் பெண் கொடுத்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. ஆகையால் அந்நாட்டுக் காரியத்தை முதலில் சொல்லுகிறேன். அங்கே பல வீடுகளில் எல்லாருடைய போனும் ஒரே கணக்கில் இருக்கும். கணக்கு கணவன் பேரில் இருக்கும். கணவனுடைய வேலையை நம்பி விசாவில் போன பெண்களில் பலருக்குத் தாங்களே சம்பாதிக்க அனுமதி கிடையாது. கணக்குக்கு உடையவன் நினைத்தால், எந்த நம்பருக்கு எப்போது பேசினாள் என்று பட்டியலில் பார்க்கலாம். ஒரே நாளில் அவள் இணைப்பை நிறுத்தியும் விடலாம். நம்பர் போனால் பேச்சு மாத்திரமா போகிறது? பாங்கியிலிருந்து வரும் ஓ.டி.பி. போயிற்று, பிள்ளையின் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கூப்பிடுகிற நம்பர் போயிற்று. கணக்கிலிருந்து விலகலாம் என்றாலோ, ஒப்பந்தம் முடியவில்லை, அபராதம் கட்டு என்பார்கள். வீட்டுக் கதவு திறந்திருந்தும் அவள் வெளியே வர முடியாமல் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்காகவே 2022-ம் ஆண்டு டிசம்பர் 7-ந் தேதி அங்கே ஒரு சட்டம் கையெழுத்தாயிற்று. பாதுகாப்பான இணைப்புகள் சட்டம் என்று அதற்குப் பேர். துன்புறுத்தப்பட்டவர் தக்க அத்தாட்சியோடு கேட்டுக்கொண்டால், இரண்டு வேலை நாட்களுக்குள் அவருடைய இணைப்பையும், அவர் பராமரிப்பில் இருக்கும் பிள்ளைகளுடைய இணைப்பையும் அந்தக் கணக்கிலிருந்து கம்பெனி பிரித்துவிட வேண்டும். அபராதம் கேட்கக் கூடாது. ஒப்பந்தத்தைக் காட்டித் தடுக்கக் கூடாது. பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். கோர்ட்டில் தீர்ப்பாக வேண்டும் என்பதும் இல்லை. போலீஸ் அறிக்கையோ, உரிமம் பெற்ற டாக்டர் அல்லது சமூக ஊழியர் கையெழுத்திட்ட பத்திரமோ அத்தாட்சியாகச் செல்லும். அடிபடுகிற ஆண்களும் உண்டு. சட்டம் அவர்களுக்கும் உரியது.

பிரித்துக் கொடுத்த பிறகு மாதக் கட்டணத்துக்கு எங்கே போவாள்? அதையும் யோசித்திருக்கிறார்கள். ஏழைகளின் போன் கட்டணத்தைக் குறைப்பதற்கு 1985-ல் தொடங்கின லைஃப்லைன் என்ற ஏற்பாட்டின்கீழ், பணமுடையில் இருக்கிற இப்படிப்பட்டவர்களுக்கு ஆறு மாதம் வரை, மாதம் 9.25 டாலர் வரை சலுகை கிடைக்கும். பெரிய தொகையல்ல. ஆனால் வெறுங்கையோடு வெளியே வந்தவளுக்கு முதல் ஆறு மாதம் எப்படிப்பட்டது என்பதை அப்படி வந்தவர்களைக் கேட்டால்தான் தெரியும்.

இன்னொன்று. உதவி நிலையங்களுக்குப் பேசின விவரம் கணக்குப் பட்டியலில் வராதபடி கம்பெனிகள் மறைக்க வேண்டும் என்று, 2023 நவம்பரில் அந்நாட்டுத் தகவல் தொடர்புக் கமிஷன் விதி செய்தது. ஆனாலும் போனுக்குள்ளேயே பதிவாகும் பட்டியலை அவள்தான் அழிக்க வேண்டும். அவன் வாங்கிக் கொடுத்த போனில், அவள் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் செயலி ஒளிந்திருக்கக் கூடும். புது நம்பரைப் பழைய போனில் போட்டுவிட்டு நிம்மதியாய் இருந்துவிடக் கூடாது. அந்தச் செயலியைத் திடீரென்று எடுத்துவிட்டால் அவனுக்குச் சந்தேகம் வந்து, ஆபத்து கூடுகிறதும் உண்டு. ஆகையால் முதல் பேச்சை வேறொருவர் போனிலிருந்து பேசுவதே விவேகம்.

"சுவாமி, பெண்ணை வீட்டை விட்டு ஓடச் சொல்லிக் கொடுக்கிறீர்களா? மெய்விவாகம் தேவதிரவிய அனுமானமல்லவா?" என்று சிலர் கேட்கக் கூடும். அனுமானந்தான். ஆத்துமத்துக்கோ சரீரத்துக்கோ பெரும் மோசம் வருவிக்கிற துணையை விட்டுப் பிரிந்திருக்க நியாயம் உண்டு, தாமதித்தால் ஆபத்து என்றால் தானே பிரிந்து போகலாம் என்று திருச்சபைச் சட்டத்தின் 1153-ம் பிரிவு சொல்லுகிறது. இது புதுமையல்ல, 1917-ம் வருடத்துச் சட்டத்திலேயே இருந்தது. பிரிந்திருப்பதால் விவாகக் கட்டு அவிழ்ந்துபோவதும் இல்லை. பரிசுத்த பாப்பரசர் பிரான்சிஸும் 2016-ல், சில சமயங்களில் பிரிவு அவசியமாகிறது என்று எழுதினார். அர்ச். மோனிக்கம்மாளைப் போல் சகித்துக்கொள் என்று புத்தி சொல்லுகிறவர்கள், அர்ச். அகுஸ்தீன் எழுதினதை முழுவதும் வாசிக்கட்டும். தகப்பன் கோபக்காரர் என்று எழுதின அவரே, அவர் தாயை அடித்ததாக யாரும் கேட்டதுமில்லை, கண்டதுமில்லை என்றும் எழுதியிருக்கிறார்.

இப்போது பெற்றோரிடம் ஒரு வார்த்தை. மகளோடு வாட்ஸாப்பில் பேசும்போது மாப்பிள்ளை பக்கத்தில் இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ளுகிறீர்களா? "ஏம்மா அழுதாற்போல் இருக்கிறாய், அவர் அடித்தாரா?" என்று உரக்கக் கேட்டுவிட்டால், அன்றைக்கு இராத்திரி அதற்குப் பதில் சொல்லுகிறவள் அவள்தான். அவள் ஆம், இல்லை என்று மட்டும் சொன்னால் போதும் என்கிறபடி கேளுங்கள். உங்களுக்குள் ஒரு அடையாள வார்த்தை இருக்கட்டும்: பாட்டியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று அவள் கேட்டால், உதவி வேண்டும் என்று அர்த்தம். அவள் தனியே எழுதினதை மாப்பிள்ளைக்கே திருப்பி அனுப்பி, "என்ன தம்பி இது?" என்று நியாயம் கேட்கிற பெரியவர்களும் இருக்கிறார்கள். இது ஏரோதின் வாசலில் போய்ச் செய்தியைச் சொல்லுகிற வேலை.

மேற்சொன்னது அமெரிக்கச் சட்டம். நம் ஊரிலுள்ள பெண்களுக்கு 2005-ம் வருடத்துக் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. 2006 அக்டோபர் 26 முதல் அது நடைமுறையில் உள்ளது. துன்புறுத்தினவன் போனில்கூட அவளைத் தொடர்பு கொள்ளாதபடி அதன்கீழ் மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். 181 என்ற நம்பருக்குக் காசில்லாமல் பேசலாம். உடனே உயிருக்கு ஆபத்தென்றால் 112.

ஆனால் சிம் கார்டு கணவன் பேரில் இருந்தால், உரியவன் என்ற முறையில் அவன் போய் அதை நிறுத்திவிட்டு, அதே நம்பருக்கு வேறு கார்டு வாங்கிக்கொள்ளலாம். அவளுக்கு வருகிறதெல்லாம் பிறகு அவன் கையில் வரும். ஆகையால் கலியாணமாகிப் போகிற பெண்ணுக்குச் சீர்வரிசை அடுக்குகிற தாய்மார்களே, அவளுடைய அடையாளச் சீட்டைக் கொண்டு, அவள் பேரிலேயே ஒரு சிம் கார்டு வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள். பித்தளைக் குடத்தைவிட அது பிரயோசனப்படும். பாங்கிக் கணக்கும் அந்த நம்பரோடு சேர்ந்திருக்கட்டும்.

தாய் வீட்டுக்குத் திரும்பி வந்தவள் ரீசார்ஜ் செய்யப் பணமில்லாமல், தம்பியின் போனுக்காகக் காத்திருக்க நேருகிறது. வக்கீல் கூப்பிடுவார், வேலை கொடுக்கிறவர் கூப்பிடுவார். தம்பி வெளியே போயிருப்பான். வின்சென்ட் தே பவுல் சபையார் அரிசி கொடுக்கிறது போலவே இதற்கும் மாதாமாதம் ஒரு தொகை ஒதுக்கலாம். யாருக்கு என்று சபைக் கூட்டத்தில் பேர் வாசிக்க வேண்டாம். வீட்டில் சும்மா கிடக்கும் போன்களை வைத்திருப்பவர்கள் சபையாரிடம் கொடுக்கலாம். கொடுக்குமுன் உள்ளே இருப்பதையெல்லாம் அழித்து, உங்கள் சிம் கார்டை எடுத்துவிடுங்கள். சார்ஜரையும் மறக்காமல் சேர்த்துக் கொடுங்கள்.