ஈகையா, ஒப்புரவா?

வள்ளுவப் பெருந்தகை ஒப்புரவறிதலை 22ஆம் அதிகாரமாகவும் ஈகையை 23ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து வைத்தார். இரண்டும் கொடுத்தலே எனின், இரண்டு அதிகாரங்கள் எதற்கு? ஈகை வறியவர் கைக்குச் செல்வது. அங்கே கொடுப்பவர் வேறு, பெறுபவர் வேறு. ஒப்புரவோ ஊர்ப் பொதுவுக்குச் செல்வது. அங்கே கொடுப்பவரும் ஊராருள் ஒருவரே. விளையாட்டால் புகழும் பொருளும் பெற்றோர் தம் மக்களுக்குச் செய்வது இவற்றுள் எது?

சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் எளிய நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர் தங்கராசு நடராஜன். தாயார் சாலையோரம் கடை நடத்தினார். டென்னிஸ் பந்தில் வீசிப் பழகிய இளைஞரின் திறனை உணர்ந்து சென்னைக்கு வழிகாட்டியவர் அவ்வூர் ஜெயப்பிரகாஷ். 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்துக்கு முதலில் வலைப்பயிற்சிக்கெனத் தேர்வான நடராஜன், அந்த ஒரே பயணத்தில் மூவகைக் கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்காகக் களமிறங்கினார். தம் சிற்றூரிலேயே அவர் அமைத்த கிரிக்கெட் மைதானம் 2023 ஜூனில் திறக்கப்பட்டது.

"தம் வியர்வையால் ஈட்டிய பொருள், அரசுக்கு வரியும் செலுத்தியாயிற்று, ஊருக்கு வேறென்ன கடன்?" என்று வினவுவோர் உண்டு. வினா நியாயமானதே. ஆயினும், எதிரே மட்டையேந்தி நின்ற தோழர்களும், ஆடக் கிடைத்த வெற்றிடமும், ஜெயப்பிரகாஷ் செலவிட்ட காலமும் எந்த வரிக்கணக்கிலும் ஏறுவதில்லை. அக்கடனைத் தந்தவரிடமே முழுதும் திருப்பித் தரவும் இயலாது. அடுத்து வரும் சிறுவனுக்குத் தருவதே அதைத் தீர்க்கும் வழி.

பொருள்தான் தரவேண்டும் என்பதுமில்லை. தாயிடம் சதுரங்கம் கற்ற விசுவநாதன் ஆனந்த், 2020இல் தொடங்கிய பயிற்சிக் கழகத்தின் வாயிலாக இளையோர்க்குத் தம் அனுபவத்தை வழங்கினார். அவர்களுள் ஒருவரான குகேஷ் 2024 டிசம்பரில், தம் 18ஆம் வயதில், சிங்கப்பூரில் உலக வாகையர் ஆனார்.

தனியொருவர் கொடுக்கத் தொடங்கினால் அரசும் நகராட்சியும் கைகழுவிவிடாவோ எனின், அவ்வச்சமும் பொய்யன்று. வீரரின் கொடை மக்களின் உரிமைக்கு மாற்றாகாது. ஆனால், உரிமை வந்து சேரும்வரை பிள்ளைப் பருவம் காத்திருப்பதில்லை.

இனி, சயானிலும் தாராவியிலும் வாழும் நமக்கு ஒரு வினா எழுகிறது. ஊர் என்பது எது? பெற்றோர்க்கு அது நெல்லைச் சீமையாகவோ சேலமாகவோ இருக்கலாம். ஊர்க் கோயில் கொடைக்கு ஆண்டுதோறும் பணம் அனுப்புகிறோம், அது நற்செயலே. ஆனால் நம் பிள்ளைகளை ஓடவிட்டு வளர்ப்பது சயான் நிலையத்தை அடுத்த சந்தன்றோ? வளர்த்த மண்ணும் ஊரே. அதற்கும் கடன் உண்டு.

இக்கடன் புகழ்பெற்ற வீரர்க்கு மட்டும் உரியதன்று. இங்கே ஆடி, இங்கே படித்து, உயர்ந்த வேலை பெற்று வேறு பகுதிக்குக் குடிபெயர்ந்த ஒவ்வொருவருக்கும் உரியது. ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் வந்து சிறுவர்க்குப் பந்து வீசக் கற்றுத் தருபவர் வள்ளலல்லர். பெற்றதைத் திருப்பித் தரும் ஊரார். அவர் கை மேலும் இல்லை, சிறுவன் கை கீழும் இல்லை. அதுவே ஒப்புரவு.