பூட்டிக்கொள்ளும் முழங்கையை நீவாதீர்கள்

சட்டை போடக் கையை மடக்குகிறீர்கள், பாதியிலேயே நின்றுவிடுகிறது. உதறினால் உள்ளே எதுவோ நகர்ந்து, கை பழையபடி மடங்குகிறது. "சுளுக்குதான், நாலு நாள் தைலம் தேய்த்தால் சரியாகிவிடும்" என்பார்கள் வீட்டில். தயவுசெய்து அதோடு விட்டுவிடாதீர்கள்.

சைனோவியல் காண்ட்ரோமடோசிஸ் என்று ஓர் அரிய நோய் உண்டு. மூட்டின் உட்புறச் சவ்வு தன்போக்கில் குருத்தெலும்பு உருண்டைகளை வளர்க்கும். அவை கழன்று மூட்டுக்குள் மிதக்கும். பெரும்பாலும் 30 முதல் 50 வயதுக்குள் வருகிறது; ஆண்களுக்கே அதிகம். முழங்காலைத்தான் மிகுதியாகப் பிடிக்கும் என்றாலும் முழங்கையையும் விடுவதில்லை. இது புற்றுநோய் அல்ல. அதைக் கேட்டதுமே நிம்மதியாகத் திரும்பிவிடுகிறோம், கெடுதல் அங்கேதான் தொடங்குகிறது. உருண்டைகள் இடையில் சிக்கிச் சிக்கி மூட்டைத் தேய்த்துவிடும். முழங்கையை ஒட்டி ஓடும் அல்னார் நரம்பு அழுந்தினால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும்.

எந்தத் தைலத்திலும் இந்த உருண்டைகள் கரையாது. அடிபட்ட முழங்கையை முரட்டுத்தனமாக நீவி இழுத்தால், சுற்றியுள்ள தசையிலேயே எலும்பு முளைக்கக்கூடும். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றாலும் அடங்கிவிடாதீர்கள். சுண்ணாம்பு படியாத உருண்டை எக்ஸ்ரேயில் தெரியாது. கை தொடர்ந்து மாட்டிக்கொண்டால் எம்.ஆர்.ஐ. வேண்டுமா என்று எலும்பு மருத்துவரிடம் கேளுங்கள். மருத்துவர்களே, நீங்களும் வலி மாத்திரையை மட்டும் மாதக்கணக்கில் எழுதிக்கொண்டிருக்காதீர்கள்.

இந்த உருண்டைகளை எடுக்க அறுவை சிகிச்சை உண்டு. முழங்கைக்குள், மூட்டின் உட்புறத்தைப் பார்க்கும் உள்நோக்கிக் கருவியை விடமுடியாத அளவுக்கு இடம் குறுகல் என்று 1931இல் எழுதினார் நியூயார்க் மருத்துவர் மைக்கேல் பர்மன். இன்று ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள கருவி சிறு துளை வழியே உள்ளே போகிறது. திரையில் ஜவ்வரிசி போல வெள்ளை வெள்ளையாக உருண்டைகள் மிதப்பது தெரியும். இன்னொரு துளை வழியே இடுக்கியை விட்டு அவற்றை எடுத்து, நோயுற்ற சவ்வையும் சுரண்டி அகற்றுகிறார்கள். பெரிய வெட்டு இல்லை என்பதால் இதைச் சின்ன வேலை என்று எண்ணிவிடக் கூடாது. முழங்கையில் முக்கிய நரம்புகள் மூட்டை ஒட்டியே ஓடுகின்றன. "இந்த அறுவையை நீங்கள் முன்பு செய்திருக்கிறீர்களா?" என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள், நல்ல மருத்துவர் அதற்குக் கோபிக்கமாட்டார். எடுத்ததைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்றும் கேளுங்கள். மிக அரிதாக இது புற்றாக மாறுவதுண்டு.

தையல் பிரித்ததும் கடமை முடிந்தது என்று வேலைக்கு ஓடுகிறவர்கள் உண்டு. முழங்கை சீக்கிரம் இறுகிப்போகும் மூட்டு. பிசியோதெரபிஸ்ட் சொன்ன பயிற்சியை வலிக்குப் பயந்து நிறுத்தினால், செய்த சிகிச்சையின் பலன் பாதியாகிவிடும். வீட்டார் அருகில் அமர்ந்து செய்யவையுங்கள். நோய் திரும்பவும் வரலாம். சொன்ன தேதியில் மறுபரிசோதனைக்குப் போங்கள்.

கை மாட்டிக்கொள்கிறது என்று உங்கள் வீட்டில் யாராவது சொல்லிக்கொண்டிருந்தால், இந்த வாரமே அவரை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.