படகில் கட்டிய கண்

ஹோபி 16 ஒரு சின்னப் பாய்ப்படகு. ஒல்லியான இரண்டு உடல்கள், அவற்றைப் பிணைக்கும் குறுக்குச் சட்டங்கள், நடுவே விறைப்பாக இழுத்துக் கட்டிய டிராம்போலின் துணி. அவ்வளவுதான் அதன் அமைப்பு. கலிபோர்னியாவில் அலைச்சறுக்குப் பலகைகள் செய்துகொண்டிருந்த ஹோபி ஆல்ட்டர் 1960களின் கடைசியில் தொடங்கிய கடற்கரைக் கேட்டமரான் வரிசையில் மிகவும் பேர் பெற்றது இது. நீளம் சுமார் 5 மீட்டர், எடை 145 கிலோ, பாய்மரம் 8 மீட்டருக்குச் சற்று மேல். காற்று வலுத்தால், காற்றடிக்கும் பக்கத்து உடல் தண்ணீரை விட்டு எழும்பிவிடும். ஓட்டுகிறவர்கள் இடுப்பில் கம்பியை மாட்டிக்கொண்டு, படகுக்கு வெளியே தொங்கி, தங்கள் எடையால் அதைச் சமன் செய்வார்கள். இந்த விளையாட்டின் ருசி முழுவதும் அந்தச் சில நொடிகளில்தான் இருக்கிறது.

அந்த நொடிகளை ஆக்ஷன் கேமராவில் பிடிக்க ஆசைப்படுகிறவர் முதலில் கேட்பது, இதை எங்கே பொருத்துவது என்பதைத்தான். பார்த்தால் ஸ்பேனரும் பசையும் சம்பந்தப்பட்ட கேள்வி. ஆனால் ஆரியபட்டரும் ஆதிசங்கரரும் ஜப்பானிய ஜென் துறவி டோகெனும் படகை வைத்தே யோசித்த கேள்வி ஒன்று இதற்குள் இருக்கிறது. எது நகர்கிறது? எது நிற்கிறது? அதைத் தீர்மானிக்கிறவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார்?

படகின் பின் குறுக்குச் சட்டத்தில் ஒரு கம்பை இறுக்கி, அதன் நுனியில், படகுக்கு ஒரு மீட்டர் பின்னால் கேமராவை வைத்ததாகக் கொள்வோம். படகு ஒரு பக்கம் எழும்பும்போது கேமராவும் கூடவே சாயும். ஆனால் பதிவைப் போட்டுப் பார்த்தால் படகு துளிகூடச் சாய்ந்திருக்காது. பாய்மரம் செங்குத்தாக நிற்கும். சரிவதெல்லாம் கடல்தான். இப்போது அதே கேமராவில் அடிவானத்தைச் சமமாக வைக்கும் வசதியை இயக்கலாம். 2022இல் வந்த கோப்ரோ ஹீரோ 11, கேமரா முழுச்சுற்றுச் சுழன்றாலும் அடிவானத்தை நேராக நிறுத்திக் காட்டும். உள்ளேயிருக்கும் உணரிகள் சாய்வை அளந்து சொல்ல, படம் அதற்கு எதிர்த்திசையில் திருப்பப்படுகிறது. இப்போது கடல் மட்டமாகக் கிடக்கும், படகு சாயும். காற்றும் அதேதான், நொடியும் அதேதான், லென்ஸும் அதேதான். ஒரு வசதியை இயக்கியதும் அசைவு கடலை விட்டுப் படகுக்கு வந்துவிட்டது.

இரண்டில் எது பொய் என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். வயிறு மட்டும் ஒரு கட்சி எடுத்துவிடும். முதல் வகைப் பதிவைச் சோபாவில் சாய்ந்து பார்க்கிறவருக்கும் தலை சுற்றலாம். உலகம் ஆடுகிறது என்கிறது கண். ஒன்றும் ஆடவில்லை என்கிறது காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு. கப்பலின் அடித்தளத்தில் நடப்பது இதற்கு நேர் எதிர். அதனால்தான் குமட்டுகிறவரை மேலே கூட்டி வந்து அடிவானத்தைப் பார்க்கச் சொல்வது கடலோடிகளின் பழைய வைத்தியம்.

499ஆம் ஆண்டின் படைப்பாகக் கொள்ளப்படும் ஆரியபட்டீயத்தில் இந்தப் படகு வந்துவிட்டது. ஓடும் படகில் இருப்பவருக்குக் கரையில் நிற்பவை பின்னோக்கி ஓடுவதாகத் தெரிவது போலத்தான், நிற்கும் விண்மீன்கள் மேற்கே போவதாக நமக்குத் தெரிகின்றன என்றார் ஆரியபட்டர். அதாவது சுழல்வது பூமி. அடுத்த நூற்றாண்டில் வானியலாளர் வராகமிகிரர் இதை ஏற்கவில்லை: பூமி சுழன்றால் பறந்து போன பறவை தன் கூட்டுக்கு எப்படித் திரும்பும்? பிரம்மகுப்தரும் மறுத்தார். பிற்கால உரைகாரர்களே சிலர் ஆரியபட்டரின் சுலோகத்துக்கு வேறு பொருள் சொல்லி மழுப்பினார்கள். பறவைக் கேள்விக்கான தெளிவான பதில் 1632இல் இத்தாலியிலிருந்து வந்தது, அதுவும் ஒரு கப்பலில் ஏறி. சீராக ஓடும் கப்பலின் மூடிய அறைக்குள் வண்ணத்துப்பூச்சிகள் நாலாபுறமும் ஒரே மாதிரிதான் பறக்கும். அவற்றைப் பார்த்துக் கப்பல் ஓடுகிறதா நிற்கிறதா என்று சொல்ல முடியாது என்று கலிலியோ எழுதினார். கூட்டுக்குத் திரும்பும் பறவையும் அந்த வண்ணத்துப்பூச்சியும் ஒரே வழக்கின் இரண்டு சாட்சிகள்.

சங்கரர் இதே படகை உள்ளே திருப்பினார். செயலில் செயலின்மையைக் காண்பது பற்றிப் பேசும் கீதையின் நான்காம் அத்தியாயம் 18ஆம் சுலோகம் வாசிப்பவரைத் திணற வைப்பது. அங்கே அவர் உரையில் இரண்டு உவமைகள் தருகிறார். படகில் போகிறவனுக்குக் கரையில் நிற்கும் மரங்கள் எதிர்த்திசையில் ஓடுவதாகத் தெரிகின்றன; வெகு தொலைவில் உண்மையாகவே நகர்கிறவை நின்றுவிட்டதாகத் தெரிகின்றன. முதலாவது, ஒன்றும் செய்யாத ஆன்மாவின் மேல் செயலை ஏற்றுவது. இரண்டாவது, ஓயாமல் இயங்கும் உடலும் புலன்களும் சும்மா இருப்பதாக நினைத்துக்கொள்வது.

இரண்டாவது உவமையைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆக்ஷன் கேமரா வைத்திருப்பவர் தாண்ட முடியாது. அதன் அகலக்கோண லென்ஸ் அருகில் உள்ளதைப் பெரிதாக்கி, தொலைவில் உள்ளதைச் சுருக்கிவிடும். ஆளை நடுங்க வைத்த அலை பதிவில் சின்னச் சுருக்கமாக வரும். சற்றுத் தள்ளிச் சீறிக்கொண்டு போன படகு நங்கூரமிட்டு நிற்பது போலத் தெரியும். கடலுக்குப் போய் வந்தவர் வீட்டில் போட்டுக் காட்டி, “இது நிஜத்தில் இவ்வளவு உயரம்” என்று கையை உயர்த்துவது இதனால்தான்.

டோகெனின் படகு 1233இல் எழுதிய கெஞ்சோகோவான் என்ற சிறு நூலில் வருகிறது. பத்து ஆண்டுகளுக்கு முன்புதான் அவர் கடல் கடந்து சீனாவுக்குப் போயிருந்தார். ஏட்டில் படித்த படகல்ல அது. கரையைப் பார்த்தால் கரை நகர்வதாகத் தெரியும், கண்ணைக் கீழிறக்கிப் படகின் மேல் வைத்தால் படகு போவது தெரியும் என்கிறார். அதுபோலக் குழம்பிய மனத்தோடு உலகை ஆராய்கிறவன், தன் மனமும் இயல்பும் மாறாமல் நிலைத்திருப்பதாக நம்பிவிடுகிறான். சங்கரர் படகை வைத்து அசையாத ஆன்மாவை நிறுவ, டோகென் அதே படகை வைத்து அசையாத ஆன்மா என்ற நம்பிக்கையையே கவிழ்க்கிறார். நகர்கிறவன் தன்னை நிற்பவனாக எண்ணுகிறான் என்ற ஒரே காட்சி, இரண்டு எதிர் முடிவுகள். உவமை எதையும் நிரூபிக்காது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

அதே நூலில் இன்னொன்றும் உண்டு. கரையே தெரியாத நடுக்கடலில் கடல் வட்டமாகத் தோன்றும். ஆனால் கடல் வட்டமும் அல்ல, சதுரமும் அல்ல, கண் எட்டும் தூரத்தில் அப்படித் தெரிகிறது, அவ்வளவே என்கிறார் டோகென். அடிவானத்தை வில்லாக வளைக்கும் லென்ஸுக்கு இதைவிடப் பொருத்தமான குறிப்புரை கிடையாது.

இங்கேதான் எளிதாக நாவில் வந்துவிடும் ஓர் ஒப்புமையைத் தடுத்து நிறுத்த வேண்டியிருக்கிறது. எதிலும் ஒட்டாமல் எல்லாவற்றையும் பார்க்கும் கேமராவை அத்வைதத்தின் சாட்சிக்கு உவமை சொல்லத் தோன்றும். பொருந்தவே பொருந்தாது. கேமரா எதிலும் ஒட்டாமல் இல்லை. கம்பில் இறுக்காவிட்டால் பசையால் படகில் ஒட்டியிருக்கிறது. அந்தப் பசை நன்றாகப் பிடிக்க 24 மணி நேரம் விட வேண்டும் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். படகு எங்கே போகிறதோ அங்கே போய், படகின் சாய்வையே தன் நேராகக் கொண்டு, படகின் மயக்கத்தை அப்படியே வாங்கிக்கொள்கிறது. அது இன்னொரு பயணி.

நம் மரபு சாட்சிக்குத் தேர்ந்த உவமைகளே வேறு. 14ஆம் நூற்றாண்டின் வித்யாரண்யர் பஞ்சதசியின் பத்தாம் அத்தியாயத்தில் நாடக மேடை விளக்கைச் சொன்னார். தலைவன், சபையோர், நர்த்தகி என்று பேதமின்றி எல்லார் மேலும் அது ஒளி வீசுகிறது. எல்லாரும் எழுந்து போன பிறகும் எரிகிறது. கேமராவுக்கு வெளிச்சத்தை இன்னொன்று தர வேண்டும், விளக்குக்கு வேண்டாம். சினிமா வந்த பிறகு வாழ்ந்த திருவண்ணாமலை ரமணரோ அந்தச் சினிமாவையே உவமையாக்கினார். ஆனால் அவர் கை காட்டியது கேமராவை அல்ல, திரையை. படத்தில் நெருப்பு வந்தால் திரை கருகுவதில்லை, வெள்ளம் வந்தால் நனைவதில்லை என்பார்.

லென்ஸ் நனையும். கடலில் படமெடுக்கிறவர்களின் ஓயாத தலைவலியே அதுதான். ஒரு சொட்டு உப்புநீர் நடுவில் நின்றால் போதும், பாதி ஓட்டம் மங்கலாகப் போய்விடும். காய்ந்தால் உப்புப் பொரிந்து நிற்கும். உள்ளே ஈரம் இருந்தால் ஆவி படியும். அலைச்சறுக்கு வீரர்கள் லென்ஸை நாக்கால் நக்கிவிட்டுத் தண்ணீரில் இறங்குவார்கள். எச்சில் படிந்த கண்ணாடியில் நீர் சொட்டாக நிற்காமல் பரவி வழிந்துவிடும் என்பது கணக்கு. நக்கித் துடைக்க வேண்டிய ஒன்றைச் சாட்சி சைதன்யத்துக்கு ஒப்பிட வித்யாரண்யர் சம்மதித்திருக்க மாட்டார்.

அப்படியானால் கேமராவுக்கு இந்த விசாரணையில் இடமே இல்லையா? இருக்கிறது, படகு கவிழும்போது.

காற்று பின்னாலிருந்து தள்ளும்போது ஹோபி 16 மூக்கைத் தண்ணீரில் குத்திக்கொண்டு குட்டிக்கரணம் போடுவதற்குப் பேர் போனது. கம்பியில் தொங்குகிறவர் முன்னால் வீசப்படுவார். கரையேறியதும், “திடீரென்று கவிழ்ந்துவிட்டது” என்பார். பின் கம்பில் இருக்கும் கேமராவைக் கேட்டால் வேறு கதை வரலாம்: கவிழும் முன்பே மூக்கு அமிழத் தொடங்கியிருக்கும், பாய்க்கயிற்றைத் தளர்த்தியிருக்க வேண்டிய கை அதைப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கும், உடல் பின்னால் போயிருக்க வேண்டிய நேரத்தில் முன்னாலேயே இருந்திருக்கும். நான் செய்தேன் என்று நினைத்ததில் பாதியைக் காற்று செய்திருக்கும். தானாக நடந்தது என்று நினைத்ததில் பாதி தன் கையால் நடந்திருக்கும். சங்கரர் சொன்ன இரட்டை மயக்கம் வெறும் படகோட்டும் பாடமாகவே இதில் தெரிகிறது. பயிற்சியாளர்கள் பதிவை ஓட்டிக் காட்டித் திருத்துவது இதைத்தான்.

கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்டு மீண்டவர் என்று பெரியபுராணம் சொல்லும் அப்பருக்கும் ஒரு தோணி உண்டு. கடற்கரைத் தலமான திருவொற்றியூரில் பாடிய பதிகத்தில் மனத்தைத் தோணியாகவும் கோபத்தை அதில் ஏற்றிய சரக்காகவும் உருவகித்தார். காமம் என்ற பாறையில் மோதிக் கவிழும் வேளையில் இறைவனை அறிய முடியாமல் போய்விடும் என்பதே அவருடைய பயம். அந்த வேளைக்கான உணர்வைத்தான் அவர் கேட்டார், அதற்குப் பிந்திய விளக்கத்தை அல்ல. ஆக்ஷன் கேமரா தருவது பிந்திய விளக்கம். மெமரி கார்டில் இருக்கும் அறிவு கரைக்கு வந்த பிறகே கிடைக்கும். கவிழும்போது வேண்டியது அதுவல்ல. போதாக்குறைக்கு, சிவப்பு விளக்கு மினுக்குகிறதா என்று திரும்பிப் பார்க்கிற கணத்தில் சுக்கான் பிடித்தவரின் கவனம் படகிலேயே இல்லை. கோப்ரோ நிறுவனர் நிக் வுட்மன் 2002இல் அலைச்சறுக்குப் பயணம் போனபோது, தன்னையும் நண்பர்களையும் அலை மேல் படமெடுக்க வழி தேடினார். 2004இல் வந்த முதல் கேமரா படச்சுருள் போட்டு மணிக்கட்டில் கட்டிக்கொள்வது. தன்னைப் பார்த்துக்கொள்ளும் ஆசை அந்தக் கருவியின் பிறப்பிலேயே இருக்கிறது. அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்த ஆசையைத் தன்னை அறிதல் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது.

ஆகவே, எங்கே பொருத்துவது? பாய்மர உச்சி வேண்டாம். படகு கவிழ்ந்தால் 8 மீட்டர் வீச்சில் தண்ணீரில் அறைவது முதலில் அதுதான், உச்சியில் கூடும் எடையும் நல்லதல்ல. மரத்தின் நடுவும் வேண்டாம். இந்தப் படகின் மரம் காற்றுக்கேற்பச் சுழலும், படமும் கூடவே சுழலும். முகத்தைப் பார்த்தபடி முன்னால் வைத்தால் சிரிப்பு மட்டும்தான் மிஞ்சும், பாய் தெரியாது. பின் சட்டத்துக் கம்பே மேல்: சுக்கானின் கைப்பிடிக்கும் பாய்க்கயிற்றுக்கும் தட்டாத உயரத்தில், ஆட்டம் குறையப் பக்கவாட்டில் கயிறு கட்டி, இரண்டு உடல்களும் ஓட்டுகிறவரின் கையும் பாயும் அடிவானமும் ஒரே சட்டத்தில் விழும்படி. அடிவானச் சமனை ஒருமுறை அணைத்தும் ஒருமுறை இயக்கியும் எடுத்துப் பாருங்கள். இரண்டு தடவையும் மிதவையையும் பாதுகாப்புக் கயிற்றையும் மறக்க வேண்டாம்; கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசுங்கள்.