ஜமாஅத்தின் வாக்கு யாருடைய வாக்கு?

தேர்தல் வரும்பொழுதெல்லாம் நம் மஹல்லாக்களில் ஒரு வழக்கத்தைக் காண்கின்றோம். ஜும்ஆ முடிந்ததும் நிர்வாகிகள் சிலர் கூடி, "இம்முறை நம் வாக்குகள் இன்னாருக்கே" என்று முடிவு செய்து ஊருக்கு அறிவித்துவிடுகின்றனர். அம்முடிவு ஊராரைக் கட்டுப்படுத்துமா? இதனை மார்க்கத்தின் உரைகல்லில் உரைத்துப் பார்ப்பது நம் கடமை.

தருமபுரி மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 2004இல் கிருஷ்ணகிரி பிரிந்த பின்னர் எஞ்சியுள்ள இம்மாவட்டத்தில் முஸ்லிம்கள் நூற்றுக்கு நால்வருக்கும் குறைவு. கிராமங்களில் ஒரு தெரு, மிஞ்சினால் இரண்டு. தமிழ் பேசுவோரும் உருது பேசுவோரும் ஒரே ஸஃப்பில் நிற்பர். வாக்களிப்பதில் இம்மாவட்டத்தார் சோம்பியவர்கள் அல்லர். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் தருமபுரித் தொகுதியின் வாக்குப்பதிவு 81 விழுக்காட்டைத் தாண்டி, மாநிலத்திலேயே முதலிடம் பெற்றது. அவர்கள் சாய்வும் ஒரே பக்கம் நிலைத்து நிற்பதில்லை. 2021இல் மாநிலம் தி.மு.க.வைத் தேர்ந்தபோது, இங்குள்ள ஐந்து சட்டமன்றத் தொகுதிகளும் அ.தி.மு.க., பா.ம.க. அணிக்கே சென்றன. மூன்றாண்டு கழித்து நாடாளுமன்றத் தொகுதி தி.மு.க.வுக்குக் கிடைத்தது, வேறுபாடு ஏறத்தாழ 21 ஆயிரம் வாக்குகள். போட்டி இவ்வளவு நெருங்கும்போது ஒரு சிறு தெருவின் வாக்குக்கும் கிராக்கி பிறந்துவிடுகின்றது.

"சிதறி நின்றால் நம்மை எவர் மதிப்பர்? சேர்ந்து நின்றாலன்றோ கேட்பர்!" என்பார் கூற்றை நாம் புறந்தள்ளவில்லை. 1948இல் சென்னை இராஜாஜி மண்டபத்தில் காயிதே மில்லத் அவர்கள் இயக்கத்தை மீண்டும் கட்டியெழுப்பியது ஒற்றுமையின் வலிமையை அறிந்தே. ஆனால், கொள்கையைப் பறைசாற்றி, பெயரும் சின்னமும் தாங்கி, மக்கள் மன்றத்தில் பதில் சொல்லக் கடமைப்பட்ட இயக்கம் வேறு. ஒரு மாலைப்பொழுதில் நால்வர் பேசி முடிக்கும் பேரம் வேறு.

வாக்களிப்பது ஷரீஅத்தில் மூன்று தன்மைகள் கொண்டது என்று முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) அவர்கள் விளக்கியுள்ளார்கள். அது ஷஹாதத் எனும் சாட்சியம், ஷஃபாஅத் எனும் பரிந்துரை, வகாலத் எனும் பொறுப்பளிப்பு. இவற்றுள் முதலாவதே நம் வினாவுக்கு விடை தருகின்றது. சாட்சி சொல்பவன் தான் அறிந்ததையே சொல்ல வேண்டும். முத்தவல்லி அறிந்ததற்கு மோதினார் சாட்சி சொல்ல இயலாது. அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனமோ, தனக்கும் பெற்றோருக்கும் உறவினருக்கும் பாதகமாயினும் சாட்சியத்தில் நீதி வழுவலாகாது எனப் பணிக்கின்றது. அங்கு ஜமாஅத்துக்கு மட்டும் விலக்கு ஏது?

இனி, நல்லவர்களும் தடுமாறும் இடம் ஒன்றுண்டு. வேட்பாளர் வருகிறார். எவர் கையிலும் பணம் வைப்பதில்லை. கபரஸ்தானுக்குச் சுற்றுச்சுவர் எழுப்பித் தருவதாகச் சொல்லி, ஒரு லாரி செங்கல்லை இறக்கிவிட்டுப் போகிறார். ஒருவரும் தம் வீட்டுக்கு எடுத்துச் செல்லவில்லை, மையித்துகளுக்குத்தானே சுவர்! இது லஞ்சமாகுமா?

ஸகாத் வசூலிக்கச் சென்று திரும்பிய இப்னுல் லுத்பிய்யா என்பார், ஒரு பகுதியைத் தமக்குக் கிடைத்த அன்பளிப்பு என்றபோது, தாய் தந்தையர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அது அவரைத் தேடி வந்திருக்குமா என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வினவினார்கள். அந்த வினாவை அந்தச் செங்கல்லின் முன் வைத்துப் பாருங்கள். தேர்தல் இல்லாத ஆண்டில் அந்த லாரி வந்திருக்குமா? அரசு நிதியிலிருந்து சுவர் வருமாயின் அது குடிமக்களின் உரிமை, வாதாடிப் பெறலாம். வேட்பாளரின் பையிலிருந்து வாக்குக்கு முன்னால் வருவது சாட்சிக்குக் கொடுத்த கூலி. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமும் வாக்குக்காகத் தரப்படும் இத்தகைய வெகுமதியை ஊழல் என்றே கொள்கின்றது.

"வாக்கு இரகசியம்தானே, செங்கல்லை வாங்கிக்கொண்டு மனம்போல் வாக்களிப்போம்" என்று சிலர் சாமர்த்தியம் பேசுகின்றனர். வாக்கு மீறுவது முனாஃபிக்கின் அடையாளம் என்பது ஒருபுறமிருக்க, அந்த இரகசியமும் சிற்றூர்களில் மெலிந்துவிட்டது. வாக்குச்சீட்டுக் காலத்தில் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ணும் முறை இருந்தது. இயந்திரம் வந்தபின், சாவடிக்குச் சாவடி கணக்கு வெளியாகின்றது. தனி மனிதன் மறைந்திருப்பான்; தெரு மறைய முடியாது. பல இயந்திரங்களின் எண்ணிக்கையைச் சேர்த்துக் காட்டும் கருவி வேண்டுமென்று 2008இல் தேர்தல் ஆணையம் கோரியதும், 2015இல் சட்ட ஆணையம் அதனை ஆதரித்ததும் இவ்வச்சத்தினாலேயே. ஒன்றிய அரசு இசையவில்லை. ஆகவே, தெருவின் பெயரால் வாக்குறுதி கொடுக்கும் நிர்வாகிகள், தோற்றவரின் பகையையும் தெருவின் தலையில்தான் ஏற்றுகின்றனர்.

பின், ஜமாஅத் வாளாவிருக்க வேண்டுமா? இல்லை, மஷ்வரா நம் நெறி. ஹலரத் உமர் (ரலி) அவர்களுக்குப் பின் கலீஃபாவைத் தேர, அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் மூன்று இரவுகள் உறக்கம் துறந்து, மக்களைக் கூட்டமாகவும் தனித்தனியாகவும், வெளிப்படையாகவும் மறைவாகவும் கேட்டார்கள். திரைக்குள்ளிருந்த பெண்களையும் விடவில்லை என்று இப்னு கஸீர் எழுதுகிறார். நம் வீடுகளில் மனைவியிடம் சின்னத்தைச் சொல்லி அனுப்புகிறோமேயன்றி, அவள் கருத்தைக் கேட்பவர் எத்தனை பேர்?

ஜமாஅத் எல்லா வேட்பாளரையும் அழைக்கட்டும்; ஊரார் முன்னிலையில் கேட்கட்டும். கேட்பதற்கா பஞ்சம்? ஃபுளோரைடு கலந்த நிலத்தடி நீரைக் குடித்துப் பற்களில் கறையும் எலும்புகளில் நோயும் ஏற்ற மாவட்டம் இது. 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் தம் தெருக் குழாயில் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது எனக் கேட்கலாம். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிழைப்பு தேடிப் போகும் பிள்ளைகளுக்கு உள்ளூரில் என்ன தொழில் எனக் கேட்கலாம். அடுத்த தெருவாரையும் அழைத்து வைத்துக்கொண்டே கேட்கலாம். அவர்கள் குடத்திலும் அதே நீர்தான்.