பந்திவிசாரணை

எருசலேமின் முதல் திருச்சபைக்குள் எழுந்ததாகப் பதிவாகியிருக்கும் தொடக்ககாலப் பூசல்களில் ஒன்று சோற்றைப் பற்றியது. விதவைகளுக்கு அன்றாடம் உணவு பகிர்ந்தபோது, கிரேக்க மொழி பேசிய யூதர்களின் விதவைகள் விடுபட்டுப்போவதாக முறுமுறுப்புக் கிளம்பியது என்கிறது அப்போஸ்தலர் நடபடிகளின் ஆறாம் அதிகாரம். தமிழ் வேதாகமம் அந்தப் பொறுப்புக்குப் 'பந்திவிசாரணை' என்று பெயர் வைத்திருக்கிறது. அருமையான சொல். கல்யாணப் பந்தியில் இலை இலையாகப் பார்த்து, யாருக்குச் சோறு தீர்ந்தது, எந்த வரிசைக்கு ரசம் வரவில்லை என்று கேட்டு நடப்பவரின் வேலை அது.

அந்தப் பொறுப்புக்கு ஏழு பேர் நியமிக்கப்பட்டார்கள். ஸ்தேவான் முதல் நிக்கொலா வரை ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன தரப்பிலிருந்தே ஆள் எடுத்து, பண்டத்தையும் அகப்பையையும் அவர்கள் கையிலேயே ஒப்படைத்துவிட்டார்கள் என்று கொள்ள இடமுண்டு. கிறிஸ்தவச் சமூகங்களின் ஈகையை எடைபோட, எவ்வளவு கொடுத்தார்கள் என்ற கணக்கைவிட இந்த நிகழ்ச்சி கூடுதலாக உதவும். வாங்குகிறவர் வாய்விட்டு முறுமுறுக்க முடிந்ததா, முறுமுறுத்த பிறகும் அவருக்கு இலை விழுந்ததா?

1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் இந்தக் கேள்வி மிகக் கடுமையாக எழுந்தது. மிஷனரிகள் பசித்தவர்களுக்கு உணவும் பணமும் பகிர்ந்தார்கள். திருநெல்வேலிச் சீமையில் ஆயிரக்கணக்கானோர் சபைகளில் வந்து சேர்ந்தார்கள். சோற்றுக்காக வேதத்தில் சேர்ந்தவர்கள் என்ற ஏளனம் அன்று கிளம்பியது, இன்னும் ஓய்ந்தபாடில்லை. ஏளனம் தப்பான ஆள்மேல் விழுகிறது என்றே சொல்ல வேண்டும். பிள்ளை பட்டினி கிடக்கும்போது தாய் எடுக்கும் முடிவைப் பிறர் நிறுத்துப் பார்ப்பது நியாயமாகாது. ஊர்க்கிணற்றை அண்டவிடாத ஊரில், குடிசைக்குள் நுழைந்து நலம் விசாரித்தவர்கள் பக்கம் சாய்ந்ததற்குச் சோறு ஒன்றுதான் காரணம் என்று சொல்லவும் முடியாது. ஆனால் அகப்பை பிடித்தவருடைய கணக்கு வேறு. பசித்தவரால் மறுக்க முடியாத நேரத்தில் நீட்டப்படும் எதுவும் பாதி நிபந்தனைதான், வாயால் சொன்னாலும் சொல்லாவிட்டாலும்.

இதைப் புரிந்து நடந்தவர்களில் ஒருவர் ஓங்கோலில் பணியாற்றிய அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி ஜான் கிளஃப். பக்கிங்காம் கால்வாயில் ஒரு பகுதியை வெட்டும் ஒப்பந்தத்தை அவரே எடுத்தார். பஞ்சத்தில் அடிபட்டு வந்தவர்கள் மண் வெட்டி, கூடை சுமந்து, கூலி வாங்கிப் போனார்கள், கையேந்த வேண்டியிருக்கவில்லை. ஞானஸ்நானம் கேட்டு வந்தவர்களை அவர் மாதக்கணக்கில் நிறுத்திவைத்தார். நிவாரணம் முடிந்த பிறகே கதவு திறந்தது. 1878 ஜூலை 3 அன்று மட்டும் குண்டலகம்மா ஆற்றில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். இந்த இடைவெளியால் எல்லாம் நேராகிவிடவில்லை. உயிர் காத்தவரிடம் பட்ட கடன் மழை பெய்ததும் தீர்ந்துபோவதில்லை. ஆனாலும் சோற்றையும் சமயத்தையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்ற கூச்சம் அவருக்கு இருந்தது. அந்தக் கூச்சத்துக்கு மதிப்பு உண்டு.

நிபந்தனை இல்லாத உதவியிலும் ஒரு குறை ஒளிந்திருக்கலாம். வெள்ளாளன்விளையில் பிறந்து, பிறகு ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய ஆயரான வி. எஸ். அசரியா, 1910இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில் அதைப் போட்டு உடைத்தார். மிஷனரிகளின் தியாகத்தை அவர் மறுக்கவில்லை. உடைமையும் உயிரும் கொடுக்க வந்தவர்கள் இந்தியருக்கு நட்பை மட்டும் தரவில்லை என்பதே அவர் வைத்த குறை. கொடுப்பவருக்கு அது எளிதில் விளங்காது, ஏனென்றால் தருமம் செய்ய மேலே நிற்கலாம், நட்புக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். இன்றும் கிறிஸ்துமஸ் விழாக்களில் ஏழைகளை மேடைக்கு வரிசையாக அழைத்து, சேலையின் ஒரு முனையை வாங்குகிறவரும் மறுமுனையைக் கொடுக்கிறவரும் பிடித்தபடி கேமராவைப் பார்க்கும் காட்சி உண்டு. இது கிறிஸ்தவர்களுக்கு மட்டுமே உரிய பழக்கமில்லை. ஆனால் தருமத்தை மறைவாகச் செய்யச் சொல்லும் மலைப்பிரசங்கத்தைப் படிப்பவர்கள் செய்யும்போது சற்றுக் கூடுதலாக உறுத்துகிறது.

முறுமுறுப்பைக் காது கொடுத்துக் கேட்டதற்கு வேலூரில் ஒரு நல்ல உதாரணம் உண்டு. கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்த அறுவைச் சிகிச்சை மருத்துவர் பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி விரியவைக்கும் சிகிச்சையை அங்கே வளர்த்தெடுத்தார். கை விரிந்து ஊருக்குப் போன சிலர் திரும்பி வந்து குறைபட்டார்கள்: முன்பு மடங்கிய கையைப் பார்த்துக் காசு போட்டவர்கள், இந்தக் கைக்குப் போடுவதில்லை, தொழுநோய் வந்தவர் என்று தெரிந்தால் வேலையும் யாரும் கொடுப்பதில்லை. நன்றிகெட்ட பேச்சு என்று அதைத் தள்ளியிருக்கலாம். மருத்துவமனையோ அவர்களுக்காகவே ஒரு சிறு குடியிருப்பும் பட்டறையும் அமைத்து, மரவேலை கற்றுக்கொடுத்தது.

அங்கேயும் ஒரு புதிர். இரவு முழு விரலோடு படுத்தவர் சிலருக்குக் காலையில் விரல் நுனியைக் காணவில்லை. நோய்தான் சதையைத் தின்கிறது என்பது வெகுகால நம்பிக்கை. இரவில் விழித்திருந்து கவனித்தபோது உண்மை தெரிந்தது: உணர்ச்சியற்ற விரலை எலி கடித்துக்கொண்டிருந்தது, படுத்திருந்தவருக்கு அது தெரியவே இல்லை. அதன்பின் வீடு திரும்பும் நோயாளியோடு ஒரு பூனையையும் சேர்த்து அனுப்பினார்கள்.