அறிந்த ஆபத்தும் அறியாத ஆபத்தும்

விற்றவனுக்கும் வாங்கியவனுக்கும் இடையேயுள்ள தொடர்பு விலை கைமாறியதும் முடிந்துவிடுகின்றது என்பது சந்தையின் நியாயம். அறத்தின் நியாயமும் அதுதானா? எரிபொருள் கசியக்கூடிய குறை காணப்பட்ட மோட்டார் வண்டிகளை, அவற்றைச் செய்த நிறுவனம் திருத்தத்திற்காக மீள அழைக்கும்போது இவ்வினா எழுகின்றது. பல கை மாறி வந்த வாகனங்களையே பெரிதும் நம்பி வாழும் வன்னி மக்களுக்கு இஃது ஏட்டளவிலான வினாவன்று.

ஆபத்துக்கள் யாவும் ஒரு தன்மையன அல்ல. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியிற் பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. பழைய கார்களும் மோட்டார் சைக்கிள்களும் சிறிதளவு பெற்றோலாற் கிளப்பப்பட்டு, மண்ணெண்ணெயில் ஓடின. பெற்றோலின் ஆவி காற்றிலும் பாரமானது. தாழ்ந்த இடத்திற் தேங்கிச் சிறு பொறிக்கும் பற்றிக்கொள்வது. அதனைப் போத்தலிற் பேணி, இயந்திரத்திற்குச் சொட்டுச் சொட்டாக ஊட்டியவர் தாம் செய்வது இன்னதென அறிந்தே செய்தனர். ஏறியமர்ந்தவரும் மணத்தாலேயே அறிந்தனர். அவர்களை அந்நிலைக்குத் தள்ளியது நிர்ப்பந்தம். ஆயினும், எவரும் அவர்களிடமிருந்து உண்மையை ஒளிக்கவில்லை.

தொழிற்சாலையிலேயே தோன்றிய கசிவு இதனின் வேறானது. இங்கே அறிந்தவன் ஒருவன், எரியக்கூடியவன் மற்றொருவன். அமெரிக்காவிற் போர்ட் நிறுவனத்தார் 1973இல் ஒரு கணக்கிட்டனர். கவிழும் வாகனங்களில் எரிபொருட் கசிவைத் தடுக்க வாகனமொன்றுக்கு 11 டொலர் செலவாகும்; ஓர் உயிரின் பெறுமதி 2,00,000 டொலர்; ஆகவே, செலவு நன்மையை விஞ்சுகின்றது என்பது அக்கணக்கின் முடிபு. பின்புறம் மோதுண்டால் எரிபொருட்தாங்கி உடைந்து தீப்பற்றும் குறைக்காக, அதே நிறுவனத்தின் பின்ரோ உள்ளிட்ட ஏறத்தாழப் 15 இலட்சம் கார்கள் 1978இல் மீள அழைக்கப்பட்டன. உயிருக்கு விலையிட்டமை மட்டுமே அக்கணக்கின் குற்றம் எனப் பலர் கருதுவர். எந்த அரசும் வீதியமைக்கும்போது ஏதோவொரு வகையில் அத்தகைய கணக்கிடவே செய்கின்றது. ஆபத்தைத் தாங்க வேண்டியவரைக் கேளாது, அவர்க்கு அறிவியாது கணக்கை முடித்தமையே பெருங்குற்றம் என்பது எமது கருத்து.

அறிவிக்கும் கடமை யார் வரை நீளும்? 1916இல் நியூயோர்க் மேன்முறையீட்டு மன்றத்தில், பியூக் காரொன்றின் சில்லு உடைந்து காயமுற்றவரின் வழக்கு வந்தது. அவர் காரை முகவரிடம் வாங்கியவர். நிறுவனத்துடன் நேரடி ஒப்பந்தம் இல்லாதவர். ஆயினும், நிறுவனத்தின் பொறுப்பு முதலில் வாங்கிய முகவருடன் முடிவதில்லை என நீதிபதி கார்டோசோ தீர்த்தார். ஆபத்துச் செல்லுமிடமெல்லாம் கடமையும் செல்கின்றது என்பதே இதன் உட்பொருள்.

2010இல் மாருதி சுசுக்கி நிறுவனம் எரிபொருட்பம்பியின் காஸ்கெட் வழியே கசிவு நேரலாம் என்று, ஏற்றுமதியானவற்றையும் உள்ளிட்டு ஏறத்தாழ ஓர் இலட்சம் ஏ-ஸ்டார் கார்களை இலவசத் திருத்தத்திற்கு அழைத்தது. இத்தகைய அழைப்பு முதல் உரிமையாளரை அடைவது எளிது. கிளிநொச்சியில் அதனை நான்காம் கையாக வாங்கியவரை எவ்வாறு அடையும்? யப்பானிலிருந்து பாவித்த நிலையில் வந்த வாகனமாயின் நிறுவனத்தின் பதிவேடு அந்நாட்டோடு நின்றுவிடும். உரிமை மாற்றத்தைப் பதியாது, கையொப்பமிட்ட பத்திரங்களுடனேயே வாகனங்களைக் கைமாற்றும் வழக்கமும் நம் நாட்டில் உண்டு. அத்தகைய வாகனத்திற்குரிய கடிதம், அதனை என்றோ விற்றுவிட்டவர் வீட்டிற்கே செல்லும். அவர் அதனைக் கிழித்தெறியலாமா? ஆகாது. அறிவு அவர் கைக்கு வந்த கணமே கடமையும் அவரிடம் வந்துவிடுகின்றது. குறையை மறைத்து விற்பவரின் நிலை இன்னும் இழிவானது. கணக்கிட்ட நிறுவனத்தைப் பழிக்கும் தகுதியை அவர் இழந்துவிடுகின்றார்.

இத்தனை காலம் ஓடியதே, இனி என்ன நேரும் என்று சிலர் வாதிப்பர். இறப்பர் அடைப்புக்கள் காலத்தால் இறுகி வெடிப்பன. ஆதலின், நேற்றைய பாதுகாப்பு நாளைக்குச் சான்றாகாது. மேலும், காரில் ஏறும் குழந்தையும் வாடகைக்கு வரும் அயலாரும் அவ்வாதத்திற்கு உடன்பட்டவரல்லர்.

எனினும், அறிவித்தலோடு நிறுவனத்தின் கடமை நிறைவுறுமா? முல்லைத்தீவிலுள்ள உழைப்பாளி ஒருவரிடம், நாள் வருமானத்தை இழந்து கொழும்புக்கு வாகனத்தைக் கொண்டுவா என்பது, ஆபத்தைச் சொல்லிவிட்டு வழியை அடைப்பதாகும். தடைக்கால வன்னியார் ஆபத்தை அறிந்திருந்தனர். மாற்று வழிதான் இருக்கவில்லை. மாற்று வழியில்லாத அறிவைச் சம்மதம் எனக் கொள்ளலாகாது. ஆதலின், திருத்தும் வசதி வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வருதல் சலுகையன்று, கடமையின் மறுபாதியாம்.