வியர்வையும் மானமும்

ஒரு துணியை வாங்குவது தார்மீகச் செயல் ஆகுமா? முஸ்லிம் பெண்கள் ஓடவும் பந்தாடவும் நீந்தவும் தைக்கப்படுகிற, தலையும் கைகால்களும் மூடிய விளையாட்டு உடையை முன்வைத்து இதை யோசிக்கலாம்.

இந்த உடையின் சரித்திரம் பிறர் வழங்கிய தீர்ப்புகளின் சரித்திரம். 2011-இல் தலைத்துணி அணிந்து வந்ததற்காக ஈரான் பெண்கள் அணி ஒலிம்பிக் தகுதிக்கான கால்பந்தாட்டத்தை இழந்தது. ஈரானில் அந்தத் துணி அரசாங்கத்தின் கட்டாயம் என்பதும் சேர்ந்ததுதான் உண்மை. சர்வதேசக் கால்பந்துச் சம்மேளனம் 2014-இல் அதை அனுமதித்தது. 2016-இல் பிரான்சின் சில கடற்கரை நகரங்கள் உடல் மூடிய நீச்சலுடைக்குத் தடை போட்டன. 2017-இல் நைக்கி தலைத்துணியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2019-இல் டெகாத்லான் பிரான்சில் விற்க நினைத்து, எதிர்ப்புக்குப் பயந்து பின்வாங்கியது. போடு என்று ஓர் அதிகாரம், கழற்று என்று இன்னோர் அதிகாரம். இரண்டுக்கும் நடுவில் ‘உன் விருப்பம்’ என்று சொல்கிற சந்தை சுதந்திரம் போலத் தோன்றுவதில் ஆச்சரியமில்லை.

ஆனால் சந்தைக்கும் ஒரு மறைப்பு உண்டு. துணி உடலை மறைக்கிறது. விலைச்சீட்டு உழைப்பை மறைக்கிறது. வியர்வை சீக்கிரம் உலரும் என்பதே இத்துணியின் பெருமை. உழைத்தவரின் வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொல்கிறது நபிமொழி. தமிழகத்தில் தையல் தொழிலாளரின் குறைந்தபட்சக் கூலியை அரசு 2014-இல் உயர்த்தியது. முதலாளிகள் நீதிமன்றம் போனார்கள். உயர்வு செல்லும் என்று சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது 2016-இல்.

மானத்தின் கதையும் இதுதான். திண்டுக்கல் பகுதியில் ஏற்றுமதி ஆடை ஆலையொன்றில் வேலை செய்த இளம் தலித் பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டாள். மேற்பார்வையாளன் கைதானான். அணிபவளின் மானத்தைக் காக்கும் உடை, தைப்பவளின் மானத்தைக் காக்காத இடத்திலிருந்து வருமானால், அந்த உடைக்கு என்ன அர்த்தம்?

இந்தக் கேள்வியை யாரிடம் கேட்பது என்பது அடுத்த சிக்கல். பெரம்பலூர், அரியலூர் கரிசலில் பருத்தி விளைகிறது. இந்த உடையோ பெரும்பாலும் பாலியெஸ்டர். பருத்தி வியர்வையைக் குடித்துக் கனத்துவிடும். லெப்பைக்குடிக்காட்டில் ஒரு பெண் ஓட ஆசைப்பட்டால், துப்பட்டாவை ஊசியால் இறுக்கிக்கொண்டு சல்வாரிலேயே ஓடுவாள். அல்லது தையற்காரரிடம் துணி கொடுப்பாள். அல்லது கிடைக்கிற மலிவான உடையை வாங்குவாள். அவளிடம் போய் நியாயமான உடையாகப் பார்த்து வாங்கு என்று உபதேசிப்பது, பெரியவர்களின் பாவத்துக்குச் சின்னவளிடம் அபராதம் வசூலிப்பது. பொறுப்பு பணத்தின் அளவுக்கும் பலத்தின் அளவுக்கும் ஏற்றதாகத்தான் இருக்க முடியும்.

2022-இல் திண்டுக்கல் ஒப்பந்தம் வந்தது. பாலியல் துன்புறுத்தலுக்கு எதிராக ஆலையும் அந்நிய ஆடை நிறுவனங்களும் கட்டுப்பட்டன. எதிரே உட்கார்ந்து கையெழுத்திட்டது பெண்கள் தலைமையேற்ற தொழிற்சங்கம். கடையில் நிற்கும் தனிமனிதனின் மனச்சாட்சியால் இது ஆகியிருக்காது.

ஆகவே சரியான பொருளை வாங்கிவிட்டால் கை சுத்தமாகிவிடும் என்பது வசதியுள்ளவர்களின் மயக்கம். வாங்கியவர்மேல் ஒரு கடன் ஏறுகிறது. தைத்தவளின் சங்கம் கூலி கேட்டுத் தெருவுக்கு வரும் நாளில், அவள் பக்கம் நிற்பதுதான் அந்தக் கடனில் ஒரு தவணை.